பொறுக்கியெடுத்த பத்து பின்

ராமஸ்வாமி சார் எங்கள் கம்பெனிக்கு வொர்க்ஸ் மானேஜராக வந்ததில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. முதலாளியின் மைத்துனரோடு ஒரே காலேஜில் படித்தவர். பம்பாயில் மூடிவிட்ட ஏதோ ஒரு ஃபாக்டரியிலிருந்து பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்றை எங்கள் தலையில் கட்டியவரும் அதே மைத்துனர்தான். ஆளும் மெஷினும் ஒரே லாரியில் வந்து இறங்கியதாகத் தொழிலாளிகள் சொல்லிச் சிரிப்பார்கள். மெஷினாவது ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினால் ஒழுங்காக வேலை செய்யும்.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க். மணவாள நகரைத் தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயல்கள் இருக்க, நடுவில் தகரக் கூரை போட்ட ஷெட். டிராக்டர் இன்ஜினுக்குள் போகிற எஃகுப் பின்கள் செய்தோம். விரல் பருமன், விரல் நீளம். சொன்ன அளவுக்கு மேல் இருபது மைக்ரான் வரை பருமன் இருக்கலாம், அதற்குமேல் ஆகாது. ஒரு தலைமயிரை எழுபது எண்பதாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான்.

நான் சொல்வது எழுபத்துநாலாம் வருஷத்துக் கோடை. தினமும் காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கிடையாது. தகரத்துக்குக் கீழே எல்லோரும் வெந்துகொண்டிருக்க, மெஷின் மட்டும் குளிர்ந்து போய்விடும். கரண்ட் வந்ததும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது தள்ளுகிற பின்கள் பருத்துத்தான் இருக்கும். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்த குணசுந்தரி. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். ஆண்பிள்ளைக்குக் கொடுப்பதில் முக்கால்வாசி கொடுத்தால் போதும் என்பதற்காகவே அந்த மேஜைக்குப் பெண்பிள்ளையைப் போட்டிருந்தார்கள். கடிகாரம்போல் இருந்த டயலுக்குக் கீழே பின்னை உருட்டி, முள் காட்டுகிற அளவை ரிஜிஸ்டரில் எழுதுவாள். நல்லது பச்சை ட்ரேக்கும் கெட்டது சிவப்பு ட்ரேக்கும் போகும்.

மாசக் கடைசியில் பெட்டிகள் நிரம்பாமல் இருந்தால் ராமஸ்வாமி சார் ஸ்டோர் வாசலில் வந்து நின்று, சிவப்பு ட்ரேயைக் கண்ணால் காட்டி, "அதையும் சேர்த்துப் போட்டுடுப்பா வரதா" என்பார். போட்டு ஆணி அடித்துவிடுவேன். என் கைதான் அடித்தது, இல்லை என்று சொல்லவில்லை.

வைகாசியில் ஆறு பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. பின்கள் துளைக்குள் நுழையவில்லையாம். மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் காரணம் கேட்டு எழுதியிருந்தார்கள். ராமஸ்வாமி சார் நேராகச் செக்கிங் மேஜைக்கு வந்தார்.

"இவ்வளவு மோசமான பீஸ் எப்படிம்மா வெளியே போச்சு?"

"நான் செவப்பு ட்ரேல போட்டது சார் அதெல்லாம். ரிஜிஸ்டர்ல தேதியோட கீது, பாருங்க."

"ரிஜிஸ்டரை எழுதினது யாரு? நீ. நல்லதைச் சிவப்புலயும் கெட்டதைப் பச்சையிலயும் மாத்திப் போட்டிருந்தா? உன் கண்ணே சரியில்லேன்னா உன் ரிஜிஸ்டர் எதுக்கு ஆகும்?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் ஆணி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அளக்கிறது சரியா என்று சோதிக்க மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வேங்கடேசன் என்ற இன்ஜினியர் வந்தார். எங்கேயோ இரண்டு வார டிரெயினிங் முடித்துவிட்டுச் சைக்ளோஸ்டைல் தாள்கள் ஒரு கட்டோடு வந்திருந்தார். ஒரே பின்களை மூன்று பேர், நம்பர் தெரியாமல், இரண்டிரண்டு முறை அளக்க வேண்டும். பின்னுக்குப் பின் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு, அளக்கிறவர்களால் வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது. இதில் தப்பே இல்லை. தப்பு அடுத்த வார்த்தையில் வந்தது.

"பத்து பீஸ் எடுத்து வைங்க சார்" என்று இன்ஸ்பெக்ஷன் சூப்பர்வைசர் பாஷ்யத்திடம் சொல்லிவிட்டு அவர் ஃபில்டர் காபி குடிக்கப் போய்விட்டார்.

பாஷ்யம் வீரராகவர் கோயில் கைங்கர்யக் குடும்பம். காலையில் கோயிலில் பெருமாளுக்குப் பழம் பொறுக்கி வைத்துவிட்டுத்தான் ஃபாக்டரிக்கு வருவார். கெட்ட மனுஷர் இல்லை, வெளியார் யார் வந்தாலும் பதறிப்போவார், அவ்வளவுதான். விருந்தாளி முன்னால் வைக்கிற பீஸுக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே ட்ரேயில், நன்றாக ஓடிய மத்தியானத்தில் வந்த பின்களாகப் பார்த்து, சிராய்ப்பில்லாமல், ஒன்றைப்போல ஒன்றாகப் பொறுக்குவார். மண்ணெண்ணெய் தொட்டு மஸ்லின் துணியால் துடைத்து எவர்சில்வர் தட்டில் அடுக்குவார். அன்றைக்கும் அப்படியே அடுக்கினார்.

"சார், அளவு பாக்கறதுக்குத்தானே கேட்டாரு? அந்த செவப்புலருந்தும் நாலு எடுத்து வைங்க" என்றாள் குணசுந்தரி.

"நன்னாயிருக்கே நீ சொல்றது! மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கார். அவர் முன்னாடி கொண்டுபோய் ரிஜெக்ட்டை வைக்கறதா? நம்ம மானம் என்னத்துக்காறது?"

அவளும் பாஷ்யமும் வேங்கடேசனுமாக அளந்தார்கள். பத்துப் பின்னுக்கும் இடையில் மொத்த வித்தியாசமே மூன்று மைக்ரான்தான். ஒருவர் அளந்ததற்கும் இன்னொருவர் அளந்ததற்கும் இரண்டு மைக்ரான் முன்னே பின்னே இருந்தது. வேங்கடேசன் ஸ்லைடு ரூலை இழுத்து இழுத்துக் கணக்குப் போட்டார்.

"பார்க்கிற வித்தியாசத்துல பாதிக்கு மேல அளக்கிறதால வருது சார். முப்பது பர்சென்ட் தாண்டினாலே இந்த அளவை நம்பக்கூடாதுங்கிறாங்க."

"நான் சொல்லலே?" என்றார் ராமஸ்வாமி சார். இரண்டு வாரமாக அந்த முகத்தில் காணாத தெளிவு அப்போது வந்தது.

"சார், இந்தப் பத்தும் ஒரே ட்ரேல, ஒரே மணி நேரத்துல வந்தது. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லாம பொறுக்கினது" என்று குணசுந்தரி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா. படிச்சவங்க பேசிக்கிட்டிருக்கோம்."

அளந்தது மூன்று பேர். வேங்கடேசன் கண்ணும் அதில் சேர்த்திதான், பாஷ்யத்தின் சோடாபுட்டிக் கண்ணாடியும் சேர்த்திதான். ஆனால் வந்த வித்தியாசம் முழுவதும் குணசுந்தரியின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. தனக்குப் பார்வைக் குறைவு இருந்ததாகவும், கம்பெனி கண்ணாடி வாங்கித் தருவதாகவும், இனி தவறு நேராது என்றும் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறு பெட்டிக்கும் ஒரு ஜோடிக் கண்ணோடு தீர்த்துவிட்டார்கள்.

அவள் குடும்பமும் நாங்களும் மணவாள நகரில் ஒரே ஓட்டு வீட்டின் இரண்டு பாகத்தில் குடியிருந்தோம். நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. அவர்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் எங்களுக்கு மூக்கு நிறையும். அன்று சாயங்காலம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும். புருஷன் முனுசாமிக்கு ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நெல் நிலம். ஏரி பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்ததால், ரோடு போடுகிற இடத்தில் மண் வெட்டப் போய்க்கொண்டிருந்தான்.

"கையெழுத்து போட்டா இன்னாமே? கண்ணு செரியில்லன்னு எழுதிக் குடுத்தா கண்ணு அவிஞ்சா பூடும்?"

"அவியாது. ஆனா நாளிக்கு நான் செவப்புல போட்டத எவன் வோணா பச்சைல போடுவான். கேட்டா, உனுக்குத்தான் கண்ணு தெரியாதே, எழுதிக் குடுத்துக்கிறியேம்பான்."

"போட்டுக்கினு போறான் உடு. உங்க அப்பன் ஊட்டு டிராக்டரா?"

"அப்ப நான் இன்னாத்துக்குயா அங்க குந்திக்கினு கீறேன்? பொம்மையா?"

"பேஜார் பண்ணாதமே. ஏரில சொட்டு தண்ணி கெடியாது. நான் மண்ணு வெட்டற வேல இன்னும் எத்தினி நாளோ. நீயும் ஊட்டாண்ட வந்து குந்திக்கினா இந்தப் புள்ளைங்க ரெண்டும் இன்னாத்த துன்னும்?"

தட்டில் களி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்:

"இத்த கேளுயா. நம்ம ஊர்ல சடுகுடு ஆடறானுங்களே, அதுல ஒரே ஒசரமா பத்து பேர பொறுக்கி நிக்க வையி. எவன் நெட்டைன்னு மூணு பேர கேளு. இன்னா சொல்லுவாங்க?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

"அதுக்கோசரம், நெசமாவே ஒரு நெட்டையனும் ஒரு குள்ளனும் வந்து நின்னா அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு ஆயிடுமா?"

"அதெப்பிடி ஆவும்?"

"உனுக்குத் தெரியுது பாரு. அந்த படிச்ச கஸ்மாலங்களுக்குத் தெரியல. தெனம் வர்ற பின்னு ஒண்ணு நெட்டை, ஒண்ணு குள்ளன், அப்பிடித்தான் வருது. அத்த வச்சிப் பாத்தா என் கை ரெண்டு மைக்ரான் ஆடறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல."

"தெரிஞ்சா மட்டும் ஒத்துக்கப் போறானுங்களா? நீ பேசாத கையெழுத்து போடுமே."

அவள் சுவருக்கு இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வரதண்ணா, கேட்டுக்கினுதான கீற? செவப்பு ட்ரே எந்தப் பெட்டிக்குள்ள போச்சுன்னு நீயாச்சும் சொல்லேன்."

நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை.

மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே பாஷ்யம் அவளைத் தேரடிப் பக்கம் இருந்த கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் எழுத்து அட்டையைக் காட்டினார். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்தையும், அதற்குக் கீழே அட்டை அச்சடித்த பிரஸ்ஸின் பேரையும் சேர்த்து அவள் படித்துவிட்டாள். கடைக்காரர் சிரித்தார்.

"இவங்களுக்கு எதுக்கு சார் கண்ணாடி? இன்னும் இருபது வருஷம் தாங்கும்."

பாஷ்யத்துக்கு வேர்த்துவிட்டது. "மெட்ராஸுக்குக் கடுதாசி போயாச்சே. பவர் இல்லாமயே ஒண்ணு மாட்டிக் குடுங்கோ. ஃபிரேம் நன்னா கறுப்பா, தூரத்துலேர்ந்தே தெரியறாப்பல இருக்கட்டும்."

அப்படி ஒரு வெறும் கண்ணாடி அவள் மூக்கில் ஏறியது. நாள் முழுக்க வேர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். புறங்கையால் தள்ளிவிட்டுக்கொண்டு பின்னை உருட்டுவாள்.

மூன்று வாரம் கழித்து, கண்ணாடி போட்டிருக்கிறாளா என்று பார்த்துப் போக வேங்கடேசன் வந்தார். அன்றைக்கு ராமஸ்வாமி சார் ஊரில் இல்லை.

"சார், உங்க காய்தத்துல பத்து பீஸ எப்பிடி எடுக்கணும்னு எழுதி கீதா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

அவர் சிரித்துக்கொண்டே தாள்களைப் புரட்டினார். மூன்றாவது தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. நடக்கிற வேலையில் என்னென்ன வித்தியாசம் வருமோ அத்தனையும் அந்தப் பத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வேலையின் வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கெடுத்து அதோடு ஒப்பிட வேண்டும் என்று இருந்தது. படித்த படிப்புதான். காபியோடு இறங்கிப் போயிருந்தது.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்று பின்களை எடுத்துவைத்திருந்தாள். கரண்ட் வந்ததும் வந்த முதல் பின், மத்தியானம் மூன்று மணிப் பின், சைரனுக்கு முன்னால் வந்த கடைசிப் பின். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதம் நூலால் கட்டியிருந்தது.

"இதுல பாதி ரிஜெக்ட்டுன்னா!" என்று பாஷ்யம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுக்குத்தான் சார் எடுத்து வச்சேன். தொட்டா ஒட்டிக்காது, அளங்க."

வேங்கடேசன் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பின்களை எடுத்தார். அதே மூன்று பேர், அதே டயல். பின்னுக்குப் பின் நாற்பத்துநாலு மைக்ரான் வித்தியாசம் இருந்தது. அளந்தவர்களுக்குள் அதே இரண்டு மைக்ரான்தான். ஸ்லைடு ரூல் சொன்ன கணக்கில் அளப்பதன் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட வரவில்லை. அவள் சிவப்பில் போட்டது எல்லாமே சிவப்புக்குத்தான் போயிருக்க வேண்டும். கோளாறு மெஷினில்.

வேங்கடேசன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முதல் ரிப்போர்ட் மேல போயிடுச்சும்மா. எங்க சீஃப் கையெழுத்துப் போட்டுட்டார். பத்து பீஸைத் தப்பா எடுத்துட்டேன்னு இப்ப நான் போய் நின்னா என் வேலை என்ன ஆகும்?"

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. அது எனக்கு நல்லாத் தெரியுது."

"உங்களுக்குத் தெரிஞ்சி இன்னா சார் பிரயோஜனம்?"

அவர் கிளம்பினார். பாஷ்யம் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

ஆனால் வேங்கடேசன் ராமஸ்வாமி சார் காதில் ஏதோ போட்டிருக்க வேண்டும். அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பிரித்துப் பேரிங்கை மாற்றினார்கள். கரண்ட் வந்ததும் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டிச் சூடேற்றிய பிறகுதான் பின் போட வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அவள் கோடை தொடங்கியதிலிருந்து தொண்டை வற்றக் கத்தியது இதைத்தான். சிவப்பு ட்ரே காலியாகத் தொடங்கியது. ராமஸ்வாமி சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "பார்த்தீங்களா, ஒரு கண்ணாடி! ஒரே ஒரு கண்ணாடி போட்டேன், ரிஜெக்‌ஷனே நின்னுடுச்சு." வெட்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஜன்மம்.

ஆடி மாதம் மெட்ராஸ் கம்பெனியின் சீஃப் இன்ஜினியரே அம்பாஸடர் காரில் வந்தார். கூடவே வேங்கடேசன். பாஷ்யம் வழக்கம்போல எவர்சில்வர் தட்டில் பத்துப் பின்களைத் துடைத்து அடுக்கியிருந்தார். ராமஸ்வாமி சார் பெரியவரைச் செக்கிங் மேஜைக்கு அழைத்து வந்து, கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி குணசுந்தரியைக் காட்டினார்.

"கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் நல்லாத் தெரியுதாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

'தெரியுது சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பாஷ்யத்தின் உதடுகள் அதை அவளுக்காகச் சொல்லிப் பார்த்தன. அவள் எழுந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"நீங்களே போட்டுப் பாருங்க சார்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டார். டயலைப் பார்த்தார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல பவரே இல்லையே!"

"இல்ல சார். என் கண்ணுக்குக் கொறையும் இல்ல. மிஷினுக்கு பேரிங்கு மாத்துனாங்க, அதுல ரிஜெக்ட்டு கொறஞ்சிது. ஒரே மாதிரி பத்து பின்ன பொறுக்கி வச்சிக்கினு என் கண்ண நொள்ளைன்னுட்டாங்க. அப்பறம் விதவிதமா பத்து எடுத்து அளந்தோம், செரியா வந்திச்சி. அந்தக் கணக்கு அந்த சார் பாக்கெட்டுல கீது. கேளுங்க."

வேங்கடேசனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டுக் கீழே இறங்கியது. "அப்படியெல்லாம் எதுவும் இல்லை சார்" என்றார். பெரியவர் பாஷ்யத்தைப் பார்த்தார். பாஷ்யம் பின்களைப் பார்த்தார். பிறகு பெரியவர் எதற்கோ எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் நாலடி தள்ளிச் சுத்தியலோடு நின்றிருந்தேன்.

பெரியவர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "இப்ப பீஸ் நல்லா வருது இல்ல? அதுதான் வேணும். நாம ஆபீஸ்ல போய்ப் பேசலாம், ராமஸ்வாமி." இரண்டு மணிக்கு அம்பாஸடர் கிளம்பிப் போனது. இரண்டேகாலுக்குப் பாஷ்யம் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் டயலுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு வெளியே நடந்தாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமியின் குரல் கேட்டது.

"வேல பூட்ச்சா?"

"பூட்ச்சி."

"கண்ணாடி?"

"அங்கியே வச்சிட்டேன்."

"அந்தப் பெரிய ஆளு மாட்டிப் பாத்தானா?"

"பாத்தான்யா. மாட்டிக்கினு, கழட்டிக்கினு, இதுல பவரே இல்லியேன்னான். மானேஜர் மூஞ்சியப் பாக்கணுமே நீ."

முனுசாமி சிரித்தான். அந்தக் கோடை முழுக்க நான் கேட்காத சிரிப்பு. அவளும் சேர்ந்துகொண்டாள். என்ன என்று தெரியாமலே குழந்தைகளும் சிரித்தன. அடுத்த வேளைக்கு என்ன வழி என்று தெரியாத வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் முனுசாமி எழுந்து எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"வரதண்ணா, நீயும் அங்கதான் நின்னுக்கினு இருந்தியாமே?"

"ஆமாம்பா."

"செவப்பு ட்ரே பின்னு உங் கையாலதான் பெட்டிக்குப் போச்சாம்?"

"ஆமாம்."

"இன்னா சொன்ன அவங்களாண்ட?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

கோபித்துக்கொள்வான் என்று காத்திருந்தேன். கோபமே வரவில்லை அவனுக்கு. வாங்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று வைத்துவிடுகிற சாமானைப் பார்ப்பதுபோல் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தான்.

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனான்.